பிடி என்றால் விடு

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு பேர் நான் பெற்றவர்கள், ஒருத்தி என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனவள். அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, "நான் சொல்றத மட்டும் செய்யுங்க, சொந்த புத்திய உபயோகிக்காதீங்க" என்று சொன்னதில்லை. சொன்னவள் என் கடைசி மருமகள் ரேவதி.

மார்கழி மாதம். மைசூர்க் குளிர் தரையிலிருந்து காலில் ஏறும். எங்கள் வீடு அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. கூடத்தில் ஒரு மேசை, மேசைமேல் யாரோ வைத்திருந்து விற்ற பழைய லேப்டாப். நான் ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தேன். ரேவதி என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் போன் அடித்தது.

"ஹலோ, நமஸ்காரா, ஹெல்ப் டெஸ்க்."

"நாந்தான்."

"நாந்தான்னா யாரு? எந்த வார்டு?"

"ஏம்மிணி, அடுப்படியில நின்னுக்கிட்டு எந்த வார்டுன்னு கேக்கறே?"

"அத்தே, விளையாடாதீங்க. நீங்க இப்ப ஆஸ்பத்திரியில நர்ஸ். உங்க கம்ப்யூட்டர் ஓடலை. நான் கீழ ரூம்ல இருக்கேன், எனக்கு எதுவும் தெரியாது. நீங்க பார்க்கறதச் சொன்னாத்தானே எனக்குத் தெரியும், அல்வா?"

'அல்வா' என்று முடிப்பது அவள் பழக்கம். தின்கிற அல்வா இல்லை. கன்னடத்தில் 'அல்லவா' என்பது அது.

"எழுவத்தாறு வயசு நர்ஸ எந்த ஆஸ்பத்திரியில வச்சிருக்கறாங்க?"

"எங்க ஆஸ்பத்திரியில. சொல்லுங்க, ஸ்கிரீன்ல என்ன தெரியுது?"

"கருப்பா இருக்குது. மேல மூலையில ஒரு கோடு கண்ணடிக்குது."

அவள் சிரித்தாள். கதவுக்குப் பின்னால் முதலில் சிரித்தாள், போனில் கொஞ்சம் கழித்துச் சிரித்தாள். போன் எப்போதும் ஆளைவிடப் பின்தங்கியே வருகிறது.

இந்தத் தொடரில் இதுவரை செத்துப்போனவர்களைப் பற்றியே சொல்லிவந்தேன். அவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள் என்கிற வசதி இருந்தது. இந்த வாரம் உயிரோடு இருப்பவளைப் பற்றி. எனக்குக் கன்னட எழுத்து கொஞ்சம் வரும், தமிழ் எழுத்து அதைவிடக் கொஞ்சம். நான் சொல்ல, என் மகள் வயிற்றுப் பேத்தி கீர்த்தனா எழுதுகிறாள். அவள் சத்தியமங்கலத்தில் தமிழ் படித்தவள். இப்போது காலேஜுக்காக எங்களோடு இருக்கிறாள்.

லிங்கப்பா

ரேவதி நஞ்சன்கூட்டுப் பெண். கல்யாணமாகி மைசூருக்கு வந்தாள். என் மகன் தினமும் ரயிலேறி நஞ்சன்கூட்டுக்கு ஃபேக்டரி வேலைக்குப் போகிறான். பெண்ணை அங்கேயே விட்டிருந்தால் டிக்கெட் மிச்சமாகியிருக்கும் என்று என் தம்பி எல்லா விசேஷத்திலும் சொல்லிச் சிரிப்பான். ஒரு தடவைக்கு அது நல்ல தமாஷ்தான்.

கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள். குழந்தை பிறந்தபின் பல வருஷம் வீட்டில் இருந்தாள். பையன் தானாக ஸ்கூல் வேன் ஏறுகிற வயது வந்ததும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அங்கே கீழ்த்தளத்தில் ஓர் அறை. வார்டிலோ, மருந்து கொடுக்கிற இடத்திலோ, ரத்தம் எடுக்கிற இடத்திலோ கம்ப்யூட்டர் முரண்டு பண்ணினால் அந்த அறைக்குப் போன் வரும்.

போன் வந்தால் ரேவதி பேச மாட்டாள். "இருங்க, வர்றேன்" என்று வைத்துவிட்டுப் படியேறி ஓடுவாள். மேலே போனதும் அவள் கை தானாக நாலு இடத்தைத் தட்டும், மெஷின் எழுந்துகொள்ளும். என்ன செய்தாய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது.

கொஞ்ச நாளில் வார்டுகளிலிருந்து பெயர் சொல்லியே கேட்க ஆரம்பித்தார்கள். "ரேவதி மேடம் இருக்காங்களா, அவங்களையே அனுப்புங்க." இதை அவள் என்னிடம் பெருமையாகச் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே வேறு எதையோ சொல்லும்போது நடுவில் சொன்னாள். இந்த வீட்டுக்கு வந்தபின் அவளை யாரும் பெயர் சொல்லித் தேடினதில்லை. அம்மா, அண்ணி, அம்மிணி, ஏய் என்றுதான் தேடியிருக்கிறோம்.

அப்புறம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் உள்ளே ஓடுவதை மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். பழைய மெஷின்கள் புது விண்டோஸைத் தாங்காதாம். அதனால் லினக்ஸ் என்று ஒன்று. ரேவதி அதைப் படித்ததே இல்லை. வீட்டுக்கு வந்தும் போனிலும் அதே பேச்சு. எனக்குக் காதில் விழுந்தது வேறு.

"யாரும்மிணி அந்த லிங்கப்பா? ரெண்டு மூணு நாளா அவம்பேராவே இருக்குது."

என் மகனுக்குச் சாப்பாடு புரையேறிவிட்டது. "அம்மா, அது ஆளில்ல. லினக்ஸ்."

"ஆளில்லாட்டி என்ன? உம்பொண்டாட்டி தூக்கத்துல அவனத் திட்டறா."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு லிங்கப்பா என்றே பெயர். "லிங்கப்பா இன்னைக்கு எப்படி இருந்தார்?" என்று மகன் மரியாதையாக விசாரிப்பான். "கோபமா இருந்தார்" என்பாள் ரேவதி.

அவளுக்கு மேலதிகாரி நாகேந்திரா சார். அவர் ஒரு காலையில் கூப்பிட்டுச் சொன்னாராம்: இனிமேல் யாரும் படியேறி ஓடக்கூடாது. பக்கத்துக் கட்டிடமும் சேர்ந்துவிட்டது, ஓடினால் கட்டாது. எல்லாம் போனில் பேசியே முடிக்க வேண்டும். புது சிஸ்டம் வந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு பரீட்சை. ஒரு மெஷினை வேண்டுமென்றே முடக்கிவைப்பார், கீழே இருந்தபடியே வாயால் எழுப்ப வேண்டும். முடியாதவர்கள் பதிவு கவுண்டருக்குப் போகலாம்.

பதிவு கவுண்டர் என்றால் நோயாளியின் பெயர், வயது, அப்பா பெயர் தட்டுகிற இடம். அதுவும் உட்கார்ந்து செய்கிற வேலைதான், சம்பளமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவளை யாரும் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். "மேடம், சீக்கிரம்" என்பதோடு சரி. ரேவதி அங்கே போக விரும்பவில்லை. அவள் அதைச் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. எப்படியென்றால், அந்த வாரம் காப்பியில் இரண்டு தடவை சர்க்கரை போட்டாள்.

விழாத எழுத்து

ஆஸ்பத்திரியில் லிங்கப்பாவுக்கென்று வைத்த வகுப்பின் முதல் நாளே அவளுக்கு அவமானமாகிவிட்டது. கருப்புத் திரையில் பாஸ்வேர்டு அடிக்கச் சொன்னார்கள். அடித்தாள். ஒன்றும் விழவில்லை. மறுபடி அடித்தாள். விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று பக்கத்து மேசையிலிருந்து வேறு ஒன்றைக் கழற்றிக்கொண்டுவந்து மாட்டினாள். அதுவும் அப்படியே. இன்னொன்றைக் கழற்றப் போகும்போது, சொல்லிக்கொடுக்க வந்த ஆள் பின்னாலிருந்து, "மேடம், விழுது. ஆனா காட்டாது" என்றாராம். அறை முழுவதும் சிரிப்பு.

பழையதில் எழுத்து தெரியாவிட்டாலும் கருப்புப் பொட்டாவது தெரியும். இதில் பொட்டும் கிடையாது. அடித்தது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலே அடிக்க வேண்டும்.

"இதுல என்ன இருக்குது? கோயில் உண்டியல்ல போடறாப்பல போட்டுட்டுப் போவேண்டியதுதான்" என்றேன்.

"உண்டியல்ல போட்டா சத்தமாவது கேக்கும் அத்தே" என்றாள்.

நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

என் வீட்டுக்காரர் ஓர் ஆபீஸில் அட்டெண்டராக இருந்தார். அங்கே முதன்முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கென்று தனி அறை, ஏசி. மேனேஜருக்கே ஏசி கிடையாது. அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி ஆகாது என்றார்கள். ஜனங்கள் அதைச் சன்னதி என்றே நினைத்துக்கொண்டார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். செருப்புக்குக் காவல் என் வீட்டுக்காரர்.

தசரா வந்தது. ஆயுத பூஜையன்று மைசூரில் சைக்கிளிலிருந்து லாரிவரை எல்லாவற்றுக்கும் குங்குமம் வைப்போம், வைக்காமல் விட்டால் மனசு கேட்காது. இவர் உள்ளே போய்க் கம்ப்யூட்டருக்கு நெற்றி எது என்று தெரியாமல் எல்லாப் பட்டனிலும் குங்குமம் வைத்துவிட்டார். அதோடு அது ஒரு வாரம் படுத்துவிட்டது. பெங்களூரிலிருந்து ஆள் வந்து, பட்டனை ஒவ்வொன்றாகக் கழற்றி, பிரஷ்ஷால் துடைத்தார். துடைக்கத் துடைக்கச் சிவப்பாக வந்துகொண்டே இருந்ததாம். "பூஜை பண்ணினவர் யாரு?" என்று கேட்டதற்கு ஆபீஸே வாய் திறக்கவில்லை. நல்ல மனுஷர்கள் இருந்த ஆபீஸ்.

லிங்கப்பாவுக்கு வருகிறேன். அவருக்கு இன்னொரு குணம் உண்டு. இங்கிலீஷில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு இருக்கிறதல்லவா? பழையது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. இவருக்குப் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர் ஓர் ஆள், சின்ன எழுத்தில் தொடங்கும் அதே பெயர் வேறொரு ஆள். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் காட்ட மாட்டார். "அப்படி ஒருத்தர் இங்க இல்லை" என்று சொல்லிவிடுவார். ரேவதிக்கு இதெல்லாம் படிக்கப் படிக்க வந்துவிட்டது. மூளை நல்ல மூளை. அவளுக்கு வராதது ஒன்றுதான், கையை உபயோகிக்காமல் சொல்வது.

அதற்குத்தான் நான் நர்ஸ் ஆனேன்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது என்பது அவளுக்கு வசதியாகப் போயிற்று. ஷிஃப்ட் என்று சொன்னால் எனக்குத் தெரியாது. "இடது பக்கம், அகலமான பட்டன், மேல பார்த்த அம்பு" என்றால் தெரியும். என்டர் என்றால் தெரியாது. "வளைஞ்ச அம்பு" என்றால் தெரியும். முதலில் அவளால் நிற்க முடியவில்லை. நான் தடுமாறினால் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து தானே தட்டிவிடுவாள். "இப்ப நீ மேல ஓடிவந்துட்டே, நாகேந்திரா பார்த்துட்டாரு" என்பேன். திரும்பப் போவாள். அப்புறம் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டே போன் பேசப் பழகினாள். போன், தோளுக்கும் காதுக்கும் நடுவில்.

பரீட்சையில் அதிகமாக வரக்கூடியது ஒன்று இருந்தது. மெஷின் எழும்பாமல் கருப்பாகவே நின்றுவிடும். அதை அணைத்து, மறுபடி போட்ட உடனே அந்த மேல் அம்பு பட்டனை அமுக்கி, விடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிடித்திருந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் கீழே இறங்கி, பழைய வழியைத் தேர்ந்தெடுத்தால் மெஷின் எழுந்துவிடும். விரலை முன்னாலேயே எடுத்தால் பட்டியல் வராது. மறுபடி முதலிலிருந்து.

"அமுக்குங்க அத்தே. பிடி. பிடி பிடி பிடி…"

அவசரத்தில் மரியாதை போய்விடும். நான் அதைப் பெரிதுபண்ணவில்லை. பிடித்தேன். விரலில் அவரைக்கொட்டை வாசனை. பட்டியல் வந்தது.

"வந்துருச்சு!"

"பார்த்தீங்களா!"

பொங்கல் வருவதற்குள் என்னைப் போல் ஒரு நர்ஸ் அந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்திருக்க மாட்டாள்.

பல்லில் ஒரு ப, பஸ்ஸில் ஒரு ப

பரீட்சை நாளில் மேலே வார்டில் மெஷின் முன்னால் உட்கார்ந்தது ஸ்டெல்லா என்கிற நர்ஸ். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வீட்டில் தமிழ், மற்றபடி பள்ளிக்கூடம், சிநேகிதம், சண்டை எல்லாம் கன்னடம். நாகேந்திரா சார் அவள் பக்கத்தில் நின்று, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ரேவதி கீழே. அன்று சாயந்தரம் அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

ஸ்டெல்லாவின் குரலைக் கேட்டதும் ரேவதிக்கு வாய் தமிழுக்குப் போய்விட்டது. வாரக்கணக்கில் என்னோடு பழகின வாய்.

"ஸ்டெல்லா, ஸ்விட்ச் போட்ட உடனே அந்த மேல் அம்பு பட்டன அமுக்கு."

"அமுக்கிட்டேன்க்கா."

"பிடி. பிடி பிடி பிடி…"

"ஆச்சுக்கா."

"லிஸ்ட் வந்துச்சா?"

"இல்லக்கா. கருப்பாவே இருக்கு."

"மறுபடி அணைச்சுப் போடு. இந்தத் தடவை அமுக்கின உடனே பிடி, சரியா?"

"சரிக்கா… அமுக்கிட்டேன்."

"பிடி!"

"ஆச்சுக்கா, நீங்க சொன்ன மாதிரியேதான் செய்றேன்."

மறுபடியும் கருப்பு. அதற்கப்புறமும் கருப்பு. ரேவதிக்குப் படியேறி ஓடலாமா என்றே வந்துவிட்டது. ஓடவில்லை. நேரம் முடிந்தது. நாகேந்திரா சார் கீழே இறங்கிவந்தார். அவர் கோபக்காரர் இல்லை. அவர் கன்னடத்தில் கேட்டது இதுதான்: "ரேவதி மேடம், ஹிடிபேகாத ஜாகதல்லி பிடி அந்த்ரெ ஹேகெ?" பிடித்துக்கொள்ள வேண்டிய இடத்தில் விடு என்று சொன்னால் எப்படி?

அங்கேதான் கதை.

நம் பிடி என்றால் பிடித்துக்கொள். கன்னடத்து பிடி என்றால் விட்டுவிடுங்கள். நேர் எதிர். இதைச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த கீர்த்தனா பேனாவைத் தூக்கிவிட்டாள்.

"அம்மாயி, ரெண்டும் ஒரே பிடிதானே? எப்படி எழுதறது?"

எழுத்தில் ஒன்றுதான், நான் என்ன செய்வேன். வாயில்தான் வேறு. பல் என்று சொல்லும்போது ஒரு ப வருகிறதே, அது நம் பிடி. பஸ் என்று சொல்லும்போது ஒரு ப வருகிறதே, கனமாக, அது கன்னடத்து பிடி. நேரில் நின்று சொன்னால் யாருக்கும் தெரிந்துவிடும். போனில், வார்டு இரைச்சலில், அவசரத்தில் சொன்னால் பல்லும் பஸ்ஸும் ஒன்றாகிவிடும். ஸ்டெல்லாவின் காதுக்குக் கன்னடம்தான் முன்னால் வந்தது. ரேவதி எத்தனை தடவை 'பிடி' என்று கத்தினாளோ அத்தனை தடவை அவள் சமர்த்தாக விரலை எடுத்தாள். அதிலும் நம் பிடி ஒருமை, அவர்கள் பிடி மரியாதை. ரேவதி அக்கா தன்னிடம் மரியாதையாகப் பேசுகிறாள் என்று அவளுக்குச் சந்தோஷம் வேறு.

பக்கத்தில் நின்ற நாகேந்திரா சாருக்குத் தமிழ் தெரியாது. அவர் காதில் விழுந்ததெல்லாம், பாடம் படிக்காத ஒருத்தி 'விடுங்க, விடுங்க, விடுங்க' என்று கத்தினதுதான்.

"சார், அது தமிழ்" என்றிருக்கிறாள் ரேவதி.

"இருக்கலாம். போன் பண்ணினவங்களுக்குப் புரியலைன்னா எந்த பாஷையா இருந்தா என்ன?" என்று கன்னடத்தில் கேட்டாராம். இதில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தேன்.

கடைசியில், "அடுத்த வாரம் இன்னொரு தடவை வைக்கிறேன். நோடோணா" என்று சொல்லிவிட்டுப் போனார். நோடோணா என்றால் பார்க்கலாம். பார்க்கலாம் என்பதற்கு எல்லா பாஷையிலும் ஒரே அர்த்தம்தான்.

அன்று சாயந்தரம் ரேவதி எனக்கு எதிரே உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லி முடித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"உங்களோட பழகிப் பழகி என் வாய் தமிழாப் போச்சு அத்தே."

"தமிழாப் போனா என்ன கெட்டுப் போச்சு?"

"லிஸ்ட் வரலை. அதான் கெட்டுப் போச்சு."

என் தமிழில் ஒரு குறையும் கிடையாது. நான் பிறந்து வளர்ந்த ராமாபுரத்துத் தமிழ். பிடி என்றாள், பிடித்தேன், பட்டியல் வந்தது. இதை அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். என் மகன் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நின்று சாப்பிட்டான். குளிரில்.

என் நாற்காலியில் ஜெயம்மா

மறுநாள் சாயந்தரம் ரேவதி மாடி வீட்டு ஜெயம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஜெயம்மாவுக்குத் தமிழில் 'சாப்ட்டாச்சா' மட்டும் தெரியும். அதையும் கேள்வியாகக் கேட்காமல் வணக்கம் மாதிரி சொல்வாள். "சாப்ட்டாச்சா" என்று சொல்லிக்கொண்டே வந்து, நேராக என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நான் அவரைக்கொட்டைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து திரை நன்றாகத் தெரியும். பார்க்கவேண்டும் என்று அங்கே உட்காரவில்லை, அங்கேதான் பாய் இருந்தது.

ஜெயம்மா என்னைப் போல் இல்லை. சொல்வதற்கு முன்னாலேயே செய்துவிடுகிற ஜாதி. ரேவதி சமையலறையிலிருந்து பேசத் தொடங்குமுன் அவள் பாதி பட்டனைத் தட்டியிருப்பாள். பட்டியல் வந்தபோது சந்து முழுக்கக் கேட்கும்படி, "பந்து! பந்து!" என்று கத்தினாள்.

கீர்த்தனா உள்ளேயிருந்து ஓடிவந்து, "பந்து எங்க, அம்மாயி?" என்று ஜன்னலைப் பார்த்தாள். கன்னடத்தில் அப்படிச் சொன்னால் 'வந்துவிட்டது' என்று அர்த்தம். அப்போது அவள் இந்த ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

ஜெயம்மாவோடு கன்னடத்தில் 'ஹிட்கொள்ளி' என்று சொன்னால் வேலை முடிந்துவிட்டது. ஹிட்கொள்ளி என்றால் பிடித்துக்கொள்ளுங்கள். கொள்ளி என்று முடிகிற வார்த்தையை நல்ல நேரத்தில் எதற்குச் சொல்வது என்று எனக்குத் தோன்றியது, ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. ரேவதிக்குத்தான் திருப்தி வரவில்லை. ஆஸ்பத்திரியில் போன் பண்ணுகிறவர்களில் கொள்ளேகால், ஹனூர் பக்கத்துத் தமிழர்கள் நிறைய. கன்னடக்காரர்கள் அதைவிட நிறைய. போனில் வருகிறவருக்கு எந்தக் காது என்று முன்கூட்டித் தெரியாது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தே, நீங்களும் வாங்க. ஒரு தடவை ஜெயம்மா, ஒரு தடவை நீங்க. ஒரே பேச்சு ரெண்டு பேருக்கும் சரியா வரணும்."

"என் தமிழ்தான் ஆகாதே. எதுக்கு நானு?"

"அத்தே, ஸ்வல்ப வாங்க அத்தே."

ஸ்வல்ப என்றால் கொஞ்சம். நான் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்வல்ப நேரம் கழித்து எழுந்து போனேன்.

அந்த வாரம் முழுவதும் இப்படியே. நானும் ஜெயம்மாவும் மாறி மாறி உட்கார்வோம். பிடி என்கிற வார்த்தையை ரேவதி வாயிலிருந்தே எடுத்துவிட்டாள். ஒன்றொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். ஜெயம்மாவுக்குச் சரியாக வந்தால் எனக்கு வராது, எனக்கு வந்தால் அவளுக்கு வராது. கடைசியில் கை என்பதில் வந்து நின்றாள். கை இரண்டு பாஷையிலும் கைதான். "கை அங்கயே இருக்கட்டும், கை அல்லே இர்லி" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தாள். ஜெயம்மாவும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இன்னொன்றும் சேர்த்துக்கொண்டாள். அன்று ஸ்டெல்லா 'ஆச்சு' என்று சொன்னதை அப்படியே நம்பியதுதான் தப்பு என்று அவளுக்குப் பட்டுவிட்டது. அதனால் இப்போது நடுவில் நிறுத்திக் கேட்பாள்: "இப்ப உங்க விரல் எங்க இருக்கு, சொல்லுங்க." கன்னடத்திலும் அதையே கேட்பாள்.

முதல் தடவை கேட்டபோது ஜெயம்மா உண்மையைச் சொன்னாள்: "மூகுத்தி மேலே." மூக்குத்தி திருகாணி கழன்றுகொண்டிருந்தது, சரிபண்ணிக்கொண்டிருந்தாள். கேட்காமல் விட்டிருந்தால் லிங்கப்பாமேல் பழி போட்டிருப்போம்.

இல்லே

இரண்டாவது பரீட்சையன்று நான் காலையிலிருந்து எதையும் நினைத்துக்கொள்ளவில்லை. பிதுக்கின பருப்பில் குழம்பு வைத்தேன். உப்புப் போட்டோமா இல்லையா என்று ஒரு சந்தேகம் வந்தது, அவ்வளவுதான்.

இருட்டுவதற்கு முன் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ரேவதி ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கால் கழுவினாள். ஒரு சொம்புத் தண்ணீரையும் நின்றபடியே குடித்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, எழுதியிருந்தாலும் எனக்குப் படிக்க நேரமாகும். நான் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். நானாகக் கேட்பதில்லை என்று வைத்திருந்தேன். குழம்பு அடிபிடிக்கிற மட்டும் வைத்திருந்தேன்.

"என்னாச்சு?" என்றேன்.

"ஸ்டெல்லாதான் உட்கார்ந்தா. கை அங்கயே இருக்கட்டும்னேன். விரல் எங்கன்னு கேட்டேன். லிஸ்ட் வந்துச்சு."

"மெஷினு?"

"எழுந்துருச்சு."

"அப்புறம் என்ன? அந்த நாகேந்திரா என்ன சொன்னாரு?"

அவள் சமையலறை நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். சொம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னத்தச் சொன்னார். கீழ இறங்கிவந்தார். என்னைப் பார்த்தார். 'நீவு இல்லே'ன்னார்."

நீ இல்லை. நீ இல்லையென்றால் வேறு யார்? வாயாலேயே எழுப்பிக் காட்டினவளை இல்லை என்று சொன்னால் அந்த மனுஷனுக்கு எந்த நியாயம்? எனக்கு இந்த ஊர்க் கன்னடம் ஐம்பது வருஷத்துக்கு மேல் பழக்கம். சந்தையில், ஆஸ்பத்திரியில், கோர்ட்டில்கூடப் பேசியிருக்கிறேன். ஆனால் அந்த நிமிஷம் என் காதுக்குள் ராமாபுரம் மட்டும்தான் இருந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாகேந்திராவையும், அவரைப் பெற்றவர்களையும், அந்த ஆஸ்பத்திரியைக் கட்டின மேஸ்திரியையும் பற்றிச் சிலது சொன்னேன். அதைக் கீர்த்தனா எழுத மாட்டேன் என்கிறாள். பத்திரிகையில் போட மாட்டார்களாம்.

ரேவதி முழுக்கக் கேட்டாள். நான் மூச்சு வாங்கினதும், "முடிச்சுட்டீங்களா அத்தே?" என்றாள்.

"இன்னும் இருக்குது. ஏன்?"

"அவர் இன்னும் முடிக்கலை. அதான். 'நீவு இல்லே இரி'ன்னார்."

கன்னடத்தில் இல்லே என்றால் இங்கேயே. நீங்கள் இங்கேயே இருங்கள்.

அவள் அப்போதுதான் சிரித்தாள். இந்தத் தடவை நடுவில் கதவு இல்லை, போன் இல்லை. நான் அடிபிடித்த குழம்பை இறக்கி வைத்தேன்.

"பாவம் அந்த மனுஷன். திட்டினதத் திரும்ப வாங்கிக்குங்க அத்தே."

"திட்டினது திட்டினதுதான். அவருக்கு வேற என்னிக்காவது ஆகும்" என்றேன்.

இப்போதும் அவள் அந்தக் கீழ்த்தளத்து அறையில்தான் இருக்கிறாள். வேறு மருமகளாக இருந்தால் 'இல்லே'க்கும் 'இரி'க்கும் நடுவில் அரை நிமிஷம் நிறுத்தியிருக்க மாட்டாள். இவள் நிறுத்தினாள். அதற்காக அவளுக்கு அன்று குழம்பைக் கருகின அடியிலிருந்து எடுத்துத்தான் ஊற்றினேன்.

போதும் கீர்த்தனா. பேனாவ மூடிட்டு முதல்லருந்து ஒரு தடவை சத்தமாப் படி, கேக்கறேன். மெதுவாப் படி. நாகேந்திராவத் திட்டினத நெசமாவே விட்டுட்டியா, இல்ல எங்கயாச்சும் ஒளிச்சு எழுதியிருக்கறியான்னு எனக்குத் தெரியோணும்.